ஓநாய்க் கூட்டத்தை எங்கே தொடங்குவது: கணினியிலா, உலாவியிலா, கைத்தொலைபேசியிலா?

ஓநாய்க் கூட்டத்தை வளர்க்கும் விளையாட்டொன்றைத் தொடங்க வேண்டும், எதில் தொடங்குவது என்ற கேள்வி இப்போது என்னிடம் அடிக்கடி வருகிறது. கிளிநொச்சியில் சொந்த மடிக்கணினி வைத்திருக்கும் உயர்தர மாணவன் கேட்கிறான். மல்லாவியில் அம்மாவின் கைத்தொலைபேசி மாலையில் கைக்கு வரும்வரை காத்திருக்கும் தங்கச்சி கேட்கிறாள். பிள்ளை என்ன விளையாடுகிறது என்று தெரியாமல் கவலைப்படும் தாய் தகப்பனும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னால் அது யாருக்கும் பயன்படாது. ஆகவே மூன்று வழிகளை எடுத்து, வன்னியில் இருந்து விளையாடும் ஒருவருக்கு ஒவ்வொன்றும் எப்படி அமையும் என்று பார்க்கிறேன். கணினியில் ஓடும் வுல்ஃப்குவெஸ்ட், இணைய உலாவியில் ஓடும் வுல்வ்டென், கைத்தொலைபேசியில் ஓடும் தி வுல்ஃப் ஆகியவையே அந்த மூன்றும்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இலங்கைக் காடுகளில் ஓநாய் இல்லை. நமக்குப் பழக்கமானது நரி. இரவில் வயற்கரையில் ஊளையிடும் நரி பெரும்பாலும் சோடியாகவோ சிறு குடும்பமாகவோ திரியும். எலி, நண்டு, பழம், செத்த விலங்கு என்று அகப்பட்டதை உண்ணும். ஓநாயின் பிழைப்பு வேறு. நமது மரையைவிடப் பெரிய எல்க் மானை அது கூட்டமாகச் சேர்ந்து வீழ்த்துகிறது. அந்தக் கூட்டமும் படைப்பிரிவு போன்றதன்று. அநேகமாகத் தாய், தகப்பன், அவற்றின் இரண்டு மூன்று ஈற்றுப் பிள்ளைகள் சேர்ந்த குடும்பம் அது. சண்டையிட்டு மற்றவற்றை அடக்கும் தலைவனே கூட்டத்தை ஆள்கிறான் என்ற பழைய எண்ணத்தை, அதைப் பரப்புவதில் பங்குவகித்த ஆய்வாளர் டேவிட் மெக் அவர்களே பின்னாளில் திருத்திக்கொண்டார். எந்த விளையாட்டைத் தெரிவு செய்தாலும் இந்தக் குடும்பக் கணக்கு மனதில் இருந்தால், தொடக்கத்தில் வரும் பாதி இடறல்கள் வராது.

எதை வைத்து அளக்கிறேன்

முதல் அளவுகோல், வீட்டில் இருக்கும் கருவி. இரண்டாவது மின்சாரமும் டேட்டாவும். 2022இல் நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டது. அந்தக் காலம் போய்விட்டாலும், கார்த்திகை, மார்கழி மழையில் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் உட்கிராமங்களில் மின்சாரம் திரும்பி வர நேரம் எடுக்கிறது. காட்டோர ஊர்களில் தகரக் கூரைக்குள் சிக்னல் கிடைக்காமல் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் வந்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்றாவது, பணம். அதில் வாங்கும் விலை, பிறகு கேட்கும் விலை என்ற இரண்டும் அடங்கும். நான்காவது, ஓநாயைப் பற்றி உண்மையில் எவ்வளவு கற்றுக்கொள்ளலாம் என்பது. ஐந்தாவது, முகம் தெரியாதவர்களோடு பேச நேருமா என்பது.

ஆறாவது ஒன்று இருக்கிறது. அதைத்தான் அதிகம் பேர் யோசிப்பதில்லை: உங்கள் நேரம் எந்த வடிவில் கிடைக்கிறது? சனிக்கிழமை இரண்டு மணிநேரம் தொடர்ந்து கிடைக்கும் ஒருவரும், நாள்தோறும் பத்து நிமிடம் மட்டும் கிடைக்கும் ஒருவரும் ஒரே விளையாட்டைத் தொடங்கக் கூடாது. என் பார்வையில் கருவியைவிடவும் இதுவே முக்கியம். கருவியை இரவல் வாங்கலாம், நேரத்தை வாங்க முடியாது.

| | வுல்ஃப்குவெஸ்ட் | வுல்வ்டென் | தி வுல்ஃப் |
|---|---|---|---|
| கருவி | ஓரளவு வலுவான கணினி | எந்த உலாவியும், தொலைபேசியும் போதும் | தொலைபேசி |
| டேட்டா | பதிவிறக்கத்துக்கு அதிகம், தனியாக விளையாடப் பிறகு மிகக் குறைவு | நாள்தோறும் சிறிதளவு | விளையாடும் நேரமெல்லாம், விளம்பரங்களோடு |
| பணம் | ஒருமுறை விலை, மேலதிகப் பகுதிகளுக்குத் தனி விலை | இலவசம், உள்ளே பணம் கொடுத்து வாங்கும் வசதி உண்டு | இலவசம், உள்ளே வாங்கத் தூண்டும் |
| நேரம் | ஒரே இருப்பில் நீண்ட நேரம் | நாள்தோறும் கொஞ்சம், தவறாமல் | எப்போது வேண்டுமானாலும் சில நிமிடம் |
| நீங்கள் யார் | ஓர் ஓநாய் | கூட்டத்தை நடத்துபவர் | சண்டையிட்டு வளரும் ஓர் ஓநாய் |
| ஓநாய் பற்றிய உண்மை | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |

வுல்ஃப்குவெஸ்ட்: ஓநாயாக வாழ விரும்புபவருக்கு

இது பொழுதுபோக்குக்காக மட்டும் பிறந்த விளையாட்டன்று. அமெரிக்காவின் மினசோட்டா விலங்குக் காட்சிச்சாலையும் எடுவெப் என்ற நிறுவனமும் சேர்ந்து, அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் உருவாக்கி 2007இல் வெளியிட்டார்கள். 2019இல் அதன் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு வரத் தொடங்கியது. இப்போது வாங்க வேண்டியது அந்தப் பதிப்பைத்தான்.

களம் யெலோஸ்டோன் தேசியப் பூங்கா. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஓநாய்களை அடியோடு கொன்று தீர்த்தார்கள். 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து மீண்டும் விட்டார்கள். நீங்கள் பெற்றோரின் கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஓர் இளம் ஓநாய். அமெதிஸ்ட் மலைப்பகுதியில் தனியாக வேட்டையாடக் கற்று, சோடி தேடி, பிறகு குகை பார்த்து, குட்டிகளை வளர்க்க வேண்டும்.

தொடங்கும்போது கடினநிலையை இலகுவில் வையுங்கள். ஒருமுறை இறந்தால் எல்லாமே முடிந்துவிடும் வகையிலான ஆட்டமுறையும் உண்டு. அதன் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். முதல் வேலை மோப்பம். மோப்பப் பார்வையைத் திறந்தால் உலகம் நிறம் மங்கி, ஒவ்வொரு விலங்கின் வாசமும் தனி நிறத்தில் தெரியும். பசித்ததும் கண்ணில் பட்டதை நோக்கி ஓடுவதற்கு முன் நின்று அதைப் படியுங்கள். எல்க் மந்தையைக் கண்டால் உடனே பாய வேண்டாம். மெதுவாக நெருங்கி மந்தையை ஓடவிட்டு, எது பின்தங்குகிறது என்று பாருங்கள். உடல்நலம் குறைந்த ஒரு பெண் எல்க் இரண்டு மூன்று அடி பிந்தும். அந்த இடைவெளி தெரிந்தபின்தான் உங்கள் ஓட்டத்தைச் செலவழிக்க வேண்டும். நமது ஊர் நாய்கள் காட்டுப்பன்றியை மறிக்கும்போது பார்த்திருப்பீர்கள். முன்னே ஒன்று குரைத்துத் திசைதிருப்ப, மற்றவை பின்தொடைக்கு வரும். சோடி கிடைத்தபின் இங்கேயும் அதே முறைதான். தனியாக இருக்கும் காலத்தில் கொம்புள்ள ஆண் எல்க்கைத் தொடவே வேண்டாம். முயலிலும் மான்குட்டியிலும் வயிற்றைக் கழுவலாம்.

பெரும்பாலான துரத்தல்கள் தோல்வியில் முடியும். அதைக் கண்டு மனம் சோர வேண்டாம். உண்மையான ஓநாய்க்கும் அப்படித்தான். ஓட்டச் சக்தி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் விட்டுவிட்டு உட்காருங்கள். இரை விழுந்தபின் அடுத்த சிக்கல் வரும்: காக்கை, கொயோட் என்ற, ஓநாயைவிடச் சிறிய அதன் உறவு விலங்கு, கடைசியாகக் கரடி. கரடி வந்தால் கிடைத்ததை விழுங்கிக்கொண்டு விலகிவிடுங்கள். ஓர் எல்க்கின் மிச்சத்துக்காக உயிரைப் பணயம் வைப்பது கணக்கில் நட்டம்.

குட்டிகள் பிறந்ததும் விளையாட்டின் முகமே மாறிவிடும். இரைக்காகத் தூரம் போனால் குகையில் கழுகு, கொயோட், கரடி என்று ஆபத்து; போகாமல் இருந்தால் குட்டிகள் பசியில் முனகும். தின்றதைக் கக்கி ஊட்டுவதுதான் ஓநாயின் வழக்கம். இங்கேயும் அதையே செய்கிறீர்கள். புதியவருக்கு என் ஆலோசனை இது: குகையைத் தெரிவு செய்வதற்கு முன் சுற்றிவரப் பார்த்து, எல்க் மந்தை நடமாடும் இடத்துக்கு அருகில் உள்ளதை எடுங்கள். அழகான காட்சியுள்ள குகை தேவையில்லை. குட்டி வருவதற்கு முன்பே எல்லையை மோப்பக் குறிகளால் நிரப்பிவிடுங்கள். குட்டி வந்தபின் அதற்கு நேரம் இராது, அயல் கூட்டம் உள்ளே நுழைந்துவிடும்.

இனி மறைந்திருக்கும் செலவு. விலை டொலரில் இருப்பதால் இணையவழி வெளிநாட்டுக் கொடுப்பனவு செயற்படுத்தப்பட்ட வங்கி அட்டை வேண்டும்; பல வீடுகளில் அந்த அட்டை இருக்காது, இருந்தாலும் அந்த வசதி இயக்கப்பட்டிருக்காது. வங்கிக்குப் போய்க் கேட்டுச் செய்துகொள்ளலாம். அடுத்தது பதிவிறக்கம். பகலில் சாதாரண டேட்டாவில் இறக்கினால் மாதப் பொதி அன்றே முடிந்துவிடும். உங்கள் பொதியில் இரவுநேர டேட்டா இருந்தால் அதில் விட்டுவிட்டுத் தூங்குங்கள். பிறகு வரும் புதுப்பிப்புகளுக்கும் அப்படியே. புதிய நிலப்பகுதிகளும் தோல் நிறங்களும் தனி விலையில் வருகின்றன. முதல் ஆண்டில் எதுவும் தேவைப்படாது. அலுவலக வேலைக்கென்று வாங்கிய பழைய மடிக்கணினியில் இது திக்கித் திணறும். காசு கொடுக்கும் முன் கடைப்பக்கத்தில் உள்ள தேவைப்பட்டியலை உங்கள் கணினியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். மேசைக்கணினி வைத்திருப்பவர்கள் இடையிடையே சேமித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போகும்போது வேட்டை மட்டும் போனால் பரவாயில்லை, வளர்த்த குட்டிகளும் போய்விடக் கூடாது.

கணினி ஏற்கெனவே இருக்கிறது, கிழமைக்கு ஒரு நீண்ட இருப்பு கிடைக்கிறது, விலங்குகள் மீது உண்மையான ஆர்வம் இருக்கிறது என்றால் வேறெதையும் யோசிக்காமல் இதைத் தொடங்குங்கள். தனியாக விளையாடும்போது யாரோடும் பேச வேண்டிய தேவை இல்லை என்பதால் சிறு பிள்ளைகளுக்கும் மூன்றில் இதுவே பாதுகாப்பானது. பலர் சேர்ந்து விளையாடும் பகுதியும் உண்டு. அதில் நண்பர்களை மட்டும் சேர்க்கும் தனியறை திறக்கலாம். வகுப்பு நண்பர்கள் சேர்ந்து ஒரே கூட்டமாக ஓடுவது தனி இன்பம்.

வுல்வ்டென்: கூட்டத்தை நடத்த விரும்புபவருக்கு

சிங்கக் கூட்டத்தை வளர்க்கும் லயோடென் விளையாட்டைச் செய்தவர்கள் 2020இல் தொடங்கியது இது. இங்கே ஓடுவது, பாய்வது எதுவும் இல்லை. எழுத்தும் ஓவியமும்தான். நீங்கள் கூட்டத்தை நடத்துகிறீர்கள்: யார் வேட்டைக்குப் போவது, யார் புது நிலம் பார்க்கப் போவது, யார் குட்டிகளைப் பார்ப்பது, யார் மூலிகை தேடி நோய் தீர்ப்பது என்று வேலை பிரிக்கிறீர்கள். வேட்டைக் குழுவுக்குள்ளேயே பதுங்கிச் செல்பவர், துரத்துபவர், வீழ்த்துபவர் என்ற பிரிவு உண்டு. ஒவ்வோர் ஓநாய்க்கும் வெவ்வேறு திறன் எண்கள் இருக்கும். அதைப் பார்த்து இடம் கொடுக்க வேண்டும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்றுதான். தொடக்கத்தில் தனியாகத் திரியும் ஓநாய்களைக் கூட்டத்தில் சேர்க்க வாய்ப்பு வரும். நிறம் அழகாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துவிடுவார்கள். நாள் மாறும்போது எல்லா வாய்க்கும் உணவு வேண்டும். வேட்டைக் குழு ஒன்று ஒழுங்காக இயங்கும் வரை கூட்டத்தைச் சிறியதாக வையுங்கள். முதலில் வேட்டைக்காரர், பிறகு நிலம் பார்ப்பவர், பிறகு மூலிகைக்காரர், கடைசியில் குட்டிகள். குட்டிகளைப் பார்க்க ஆளில்லாமல் ஈன விடாதீர்கள். உணவு கெட்டுப்போகும் என்பதால் குவித்து வைப்பதிலும் பயன் இல்லை. மனநிலைக்கான விளையாட்டுப் பொருட்களைத் தேடலின்போது கிடைப்பவற்றிலிருந்தே ஈடுசெய்யலாம். சந்தையில் போய் விலை கொடுக்க வேண்டாம். நிறமும் வடிவமும் பெற்றோரிலிருந்து பிள்ளைக்கு எப்படி இறங்குகின்றன என்ற மரபியல் பகுதி ஆழமானது. உயர்தர உயிரியல் படிக்கும் ஒருவருக்கு அது இனிக்கும். மற்றவர்கள் முதல் சில கிழமைகள் அதைத் திறக்காமலே விடலாம்.

வன்னிக்கு இதன் பெரிய நன்மை, இது கேட்பது குறைவு. பழைய அன்ட்ரொய்ட் தொலைபேசியின் உலாவி போதும். வீடியோவோ கனமான காட்சியோ இல்லாததால் டேட்டா மெல்லத்தான் இறங்கும். சிக்னல் அறுந்தால் கூட்டம் சாகாது, பக்கம் திறக்கச் சுணங்கும், அவ்வளவுதான். வேட்டைக் குழுவை அனுப்பிவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, பிறகு வாங்கிப் பார்க்கலாம்.

மறைந்த செலவு நாளொழுங்கு. நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தில் அந்த உலகின் நாள் புரளும். பசி ஏறும், மனநிலை இறங்கும், வயது கூடும். அந்த நேரம் நமது நள்ளிரவோடு ஒத்துப்போகும் என்று எண்ண வேண்டாம். விளையாட்டில் காட்டப்படும் கடிகாரத்தை இலங்கை நேரத்தோடு ஒப்பிட்டு எங்காவது எழுதி வையுங்கள். காலபோக அறுவடையில் நாள் முழுவதும் வயலில் நிற்கும் வீட்டிலோ, பரீட்சைக் காலத்திலோ இந்த நாளொழுங்கு பாரமாகிவிடும். இன்னொன்று ஆங்கிலம். எல்லாமே ஆங்கில எழுத்தில் இருப்பதால் வாசிப்புச் சிரமம் உள்ள சிறுவர் சலித்துவிடுவர். வாசிக்கப் பழக விரும்புபவருக்கோ இதுவே நல்ல பயிற்சி. அகராதியைப் பக்கத்தில் வைத்து விளையாடி ஆங்கிலம் தேறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மற்ற விளையாட்டாளர்களோடு ஓநாய்களையும் பொருட்களையும் மாற்றிக்கொள்ளும் சந்தை உள்ளே இருக்கிறது. புதியவர் தன் கையிலுள்ள அரிய நிறத்தின் பெறுமதி தெரியாமல் கொடுத்துவிடுவது அங்கே நடக்கும். முதல் மாதத்தில் வாங்குங்கள், விற்காதீர்கள். இனப்பெருக்கமும் மரணமும் மறைப்பின்றி வரும் விளையாட்டு என்பதால், கணக்கைத் திறக்கும் முன் வயது விதியைப் பெற்றோர் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

தி வுல்ஃப்: கையில் தொலைபேசி மட்டும் உள்ள, ஓட்டமும் சண்டையும் தேடுபவருக்கு

ஸ்விஃப்ட் ஆப்ஸ் என்ற நிறுவனத்தின் விளையாட்டு. எலி, மான் முதல் பைசன் எருமை வரை வேட்டையாடி, கிடைக்கும் புள்ளிகளால் தாக்குதல், தற்காப்பு போன்ற திறன்களை உயர்த்தி, மட்டம் மட்டமாக ஏறுவது. நண்பர்களோடு சேர்ந்து வேட்டையாடும் பகுதி ஒன்று, மற்றவர்களின் கூட்டத்தோடு மோதும் அரங்கு ஒன்று. தொடங்கிய ஐந்தாம் நிமிடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பீர்கள். அந்த உடனடி மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாடசாலை விட்டு வந்த பிள்ளைக்கு அது தேவைப்படும் நாட்கள் உண்டு.

ஆனால் எல்லை காத்தலும் குட்டி வளர்த்தலும் இதன் மையத்தில் இல்லை. ஓநாய்த் தோல் போர்த்த சண்டை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. விளையாடும் நேரமெல்லாம் இணையம் வேண்டும்; சிக்னல் தள்ளாடினால் சண்டையின் நடுவில் உறைந்து நிற்பீர்கள். விளம்பர வீடியோக்களும் உங்கள் டேட்டாவில்தான் ஓடுகின்றன. இலவசம் என்று சொல்லப்படுவதன் விலை ரீலோட் அட்டையில் போகிறது. மலிவான தொலைபேசி சிறிது நேரத்தில் சூடேறும், பற்றரி வேகமாக இறங்கும். மின்சாரம் இல்லாத மாலையில் வீட்டுக்கு இருக்கும் ஒரே தொலைபேசியை இப்படி வெறுமையாக்குவது நல்லதன்று.

தொடங்குபவர் அரங்கைத் தொடாமல் சிறு இரைகளில் மட்டம் ஏறட்டும். புள்ளிகளை எல்லாத் திறனுக்கும் சமமாகப் பகிராமல் முதலில் உயிர்த்தாங்கும் பக்கமும் தாக்கும் பக்கமும் போடுங்கள். சேர்ந்து வேட்டையாடும்போது தெரிந்த நண்பர்களை அழையுங்கள். விளையாட்டுக்குள் வாங்கும் வசதியைத் தொலைபேசியில் கடவுச்சொல் இட்டுப் பூட்டுவது பெற்றோரின் முதல் வேலை.

யாருக்கு எது

மடிக்கணினியும் விடுமுறை நாளும் உள்ளவருக்கு வுல்ஃப்குவெஸ்ட் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஒரே தொலைபேசி, அதையும் மூன்று பிள்ளைகள் பகிர்கிறார்கள் என்றால் வுல்வ்டென். ஆளுக்கொரு கணக்கைத் திறக்காமல், ஒருவரின் கணக்கில் மற்றவர்கள் ஆலோசனை சொல்லும்படி விளையாடலாம். எந்த ஓநாயை வேட்டைக்கு அனுப்புவது என்று அண்ணனும் தங்கையும் வாதாடுவதே அந்த விளையாட்டின் நல்ல பகுதி. கணினி இருந்தும் வலு போதாதவர்கள் புதியதை வாங்க அவசரப்பட வேண்டாம். வுல்வ்டெனில் கூட்டத்தின் கணக்கைப் பழகிக்கொண்டு காத்திருக்கலாம். அங்கே கற்ற வேலைப்பிரிவு பின்னர் வுல்ஃப்குவெஸ்டில் குட்டி வளர்க்கும்போது கைகொடுக்கும். தி வுல்ஃப்பை, வைஃபை இணைப்புள்ள வீட்டில், நண்பர்கள் ஏற்கெனவே அதில் இருக்கிறார்கள் என்றால் மட்டும் நான் பரிந்துரைப்பேன்.

சாதாரண தரப் பரீட்சைக்கு இருப்பவர்கள் நாளொழுங்கு கேட்கும் வுல்வ்டெனை அந்த ஆண்டில் தொடங்காமல் விடுவது நல்லது. வுல்ஃப்குவெஸ்டைச் சேமித்து மூடினால் மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் குட்டிகள் விட்ட இடத்திலேயே நிற்கும். பரீட்சை எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் அந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தெரிவு செய்யலாம்.

இரண்டை ஒன்றாகத் தொடங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். ஒன்றில் முதல் ஈற்றுக் குட்டிகள் வளர்ந்து தாமாக வேட்டைக்கு வரும்வரை இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் மற்றது வேண்டும் என்று தோன்றினால் அப்போது இறக்கிக்கொள்ளலாம்.